உப்பும் சர்க்கரையும் திறக்கும் கதவு

குபெர்டினோவில் உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. பயாலஜி எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு முதல் பாடமே தண்ணீர்தான். தண்ணீர் மூலக்கூறின் அமைப்பு, சர்க்கரை, கொழுப்பு, புரதம் என்று முதல் அலகு முழுவதும் வேதியியலாகவே இருக்கும். "பயாலஜி வகுப்பில் எதற்கு இவ்வளவு கெமிஸ்ட்ரி?" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டுவிட்டால், அந்த முதல் பாடம்தான் கைகொடுக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலும், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் வீடுகளிலும் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எனவே இம்முறை நலப்பகுதியில், நாம் குடிக்கும் தண்ணீர் உடலுக்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

தண்ணீரின் குணம்

பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய 75 விழுக்காடு தண்ணீர். வளர்ந்த ஆணின் உடலில் அது சுமார் 60 விழுக்காடு. வயது ஏற ஏற இன்னும் குறைகிறது.

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருப்பது நமக்குத் தெரியும். இதில் ஆக்சிஜன், எலக்ட்ரான்களைச் சற்றுத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் தன்மையும் உண்டாகின்றன. தண்ணீரில் உப்பைப் போட்டால் அது சோடியம், குளோரைடு என்ற அயனிகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. சர்க்கரையும் தண்ணீரோடு எளிதில் ஒட்டி உறவாடும். எண்ணெய்க்கு அந்த மின்தன்மை இல்லாததால்தான் ரசத்தின் மேல் நெய் தனியே மிதக்கிறது.

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்த சுவர். தண்ணீரில் கரைந்த உப்பும் சர்க்கரையும் இந்தக் கொழுப்புச் சுவரைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றுக்குக் கதவு வேண்டும். அந்தக் கதவுகள் புரதத்தால் ஆனவை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது சரியான வடிவத்தில் மடிந்தால்தான் கதவு வேலை செய்யும். இந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் வரைபடமாக்கிக் காட்டினார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் அது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

குடலில் நடப்பது

நாம் குடிப்பதும், உடலே சுரக்கும் செரிமான நீர்களுமாக நாளொன்றுக்கு 8, 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்கு வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. ஆனால் தண்ணீரை மட்டும் பிடித்து இழுக்கும் பம்பு எதுவும் குடலில் இல்லை. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் போகின்றனவோ, தண்ணீரும் அந்தப் பக்கம் போகும்.

குடல் செல்களில் ஒரு விசேஷமான கதவு உண்டு. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் என்பது கணக்கு. இப்படி இரண்டும் கூட்டாகவே உள்ளே போகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960இல் முன்வைத்தார்.

காலரா கிருமியின் நச்சு, குடல் செல்களிலிருந்து குளோரைடை வெளியே தள்ளவைக்கிறது. சோடியமும் தண்ணீரும் அதன் பின்னாலேயே கொட்டுகின்றன. உப்பு உள்ளே வரும் வேறு சில வழிகளும் அடைபட்டுப் போகின்றன. ஆனால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வரும் கதவு மட்டும் பழுதாவதில்லை. அதனால்தான் வெறும் தண்ணீர் நிற்காத நோயாளிக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உடலில் நிற்கிறது.

1971இல் ஓர் அகதி முகாமில்

வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவிலிருந்து சென்ற டாக்டர் திலீப் மஹலநபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளந்து பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே குவளை குவளையாகக் கொடுத்தார்கள். முன்பு 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இதுவே இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்கும் பொடி உலகெங்கும் பரவ வழிவகுத்தது. 2022இல் காலமான மஹலநபிசுக்கு 2023இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இந்த அளவில் சோடியத்தின் எண்ணிக்கையும் குளுக்கோசின் எண்ணிக்கையும் சமமாக இருக்கும்.

பாட்டி வைத்த கஞ்சி

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியிலும் இதே வேதியியல்தான். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது குடலில் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டுக் குளுக்கோசைத் தருகிறது. அரிசி சேர்த்த ஓ.ஆர்.எஸ். கலவைகளும் காலராவில் நல்ல பலன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உப்பில்லாத கஞ்சி பாதிச் சாவி மட்டுமே.

சோடாவும் ஆப்பிள் ஜூசும் இதற்கு நேர்மாறு. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. அளவுக்கு மீறிய சர்க்கரை, உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் போதாது.

நாம் செய்ய வேண்டியவை

* வீட்டில் எப்போதும் சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் கலக்க வேண்டும். இங்கே மருந்துக் கடைகளில் கிடைக்கும் பீடியாலைட் போன்றவையும் குழந்தைகளுக்கு ஏற்றவை.

* பொட்டலம் இல்லாத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. எனவே கண் அளவு வேண்டாம்.

* வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுக்க வேண்டும்.

* ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெறும் தண்ணீர் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

* வயதானவர்களுக்குத் தாக உணர்வு குறைவு. நமது வளைகுடாப் பகுதியின் வறண்ட கோடைக் காற்றில் வியர்வை சட்டென்று காய்ந்துவிடுவதால், நீர் இழப்பது தெரிவதில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே கொடுக்க வேண்டும்.

* ரான்ச்சோ சான் அன்டோனியோவில் காலை நடை போய்வர ஓ.ஆர்.எஸ். தேவையில்லை. தண்ணீரும் வழக்கமான உணவும் போதும். நீர்மோரும் நல்லது.

* சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வயிற்றுப்போக்கு கண்டதுமே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமல் இருப்பது, அழுதால் கண்ணீர் வராமல் இருப்பது, கண் குழிவிழுவது, துவண்டு கிடப்பது, மலத்தில் இரத்தம், பெரியவர்களுக்குத் தலைசுற்றல் அல்லது குழப்பமான பேச்சு ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நினைவு தவறினால் 911ஐ அழையுங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இங்கே செலவு அதிகம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடலில் நீர் வற்றுவது விமான டிக்கெட் தேதி வரை காத்திருக்காது.

தண்ணீரோடு அளவான உப்பையும் சர்க்கரையும் சேர்த்தனுப்பினால் குடலின் கதவு திறக்கும். பிள்ளைகள் பள்ளியில் படிப்பதையும் பாட்டிக்குத் தெரிந்ததையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நலமாக வாழ்வோம்.