ஸ்கேட் பார்க்: எதற்குக் கட்டணம், எதற்கு இலவசம்?

நகராட்சி ஒரு ஸ்கேட் பார்க்கைக் கட்டி முடித்ததும் மன்றக் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, தலைக்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்பதுதான். பத்து ரூபாயா, இருபதா, ஐம்பதா என்று பேச்சு நீளும். கடைசியில் பக்கத்து ஊர் நீச்சல் குளத்தின் கட்டணத்தை எடுத்துப் போட்டுத் தீர்மானம் நிறைவேறும். தொகையைப் பேசுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது: எந்தப் பயன்பாட்டுக்குக் கட்டணம்? வந்து விளையாடிவிட்டுப் போகிறவரிடம் வாசலில் காசு கேட்கக் கூடாது. பொது இடத்தையோ நேரத்தையோ ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்போது கட்டாயம் கேட்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டே நிறுவலாம். அந்தக் கணக்கைப் போடும் முறையை ஊராட்சி முதல் மாநகராட்சி வரை இந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டிய பெற்றோருக்கும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, செலவை இரண்டாகப் பிரித்து எழுதுவது. ஆள் கூடக் கூட ஏறும் செலவு ஒரு பக்கம், யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு மறுபக்கம். நீச்சல் குளத்தில் முதல் பக்கம் கனமாக இருக்கும். குளோரின், பம்பு, தண்ணீர் மாற்றுவது, உயிர்காப்பாளர் என எல்லாமே கூட்டத்தோடு ஏறும். கான்கிரீட்டில் வார்த்த ஸ்கேட் பார்க்கில் அந்தப் பக்கம் ஏறக்குறைய காலி. பத்துப் பேர் ஓட்டினாலும் நூறு பேர் ஓட்டினாலும் பவுல் எனப்படும் கிண்ணக் குழியின் வளைவு ஒரே மாதிரிதான் தேயும். உண்மையான செலவு பெருக்குவதில் இருக்கிறது. ஸ்கேட்போர்டின் சக்கரம் சின்னது, கெட்டியானது. மிளகளவு ஜல்லி ஒன்று கிடந்தால் போதும், சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் முன்னால் பறந்து கைமணிக்கட்டில் விழுவார். ஆகவே தினமும் காலையிலும் மாலைக் கூட்டத்துக்கு முன்பும் துடைப்பம் போட வேண்டும். பவுலின் அடியிலுள்ள வடிகாலில் சருகு அடைக்காமல் பார்க்க வேண்டும். விளிம்பில் பதித்த இரும்புக் குழாய் ஆடுகிறதா, கான்கிரீட் இணைப்புகளில் விரிசல் விட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இவற்றோடு விளக்குக்கான மின்கட்டணத்தையும் பழுதுக்கென ஒரு தொகையையும் சேர்த்தால் ஆண்டுச் செலவு வந்துவிடும். இதில் எந்த இனமும் கூடுதலாக ஒரு பையன் உள்ளே வந்ததால் கூடுவதில்லை. அந்தப் பையனிடம் எந்தச் செலவுக்காகக் காசு கேட்கிறோம் என்பதற்கு மன்றத்தால் பதில் சொல்ல முடியாது.

அடுத்து, வசூலிப்பதற்கே எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தீர்மானங்களில் விட்டுப்போவது இந்தக் கணக்குத்தான். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை பார்க் திறந்திருக்கிறது என்றால் வாசலில் 2 ஷிப்டு, வார விடுப்புக்கு மாற்றாள். ஒப்பந்தச் சம்பளம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ஏறத்தாழ 30,000 ரூபாய் போய்விடும். ரசீதுப் புத்தகம், பணத்தை வங்கியில் கட்டுவது, தணிக்கைக்குக் கணக்கு வைப்பது ஆகியவற்றுக்கு 5,000. மொத்தம் 35,000. கட்டணம் 20 ரூபாய் என்றால், வசூலிக்கும் செலவை ஈடுகட்டவே மாதம் 1,750 நுழைவுகள் வேண்டும், அதாவது நாளொன்றுக்கு 58 பேர். மழைக்காலத்தில் ஈரக் கான்கிரீட்டில் யாரும் ஓட்ட மாட்டார்கள், தேர்வு மாதங்களில் கூட்டம் வற்றிவிடும். அந்த நாட்களையும் கழித்துப் பாருங்கள். இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் ஊர்ச் சம்பளத்தையும் உங்கள் ஊர்க் கூட்டத்தையும் போட்டு ஒரு தாளில் எழுதி, தீர்மானத்தோடு இணைப்பாக வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் காவலாளியே வாங்கிக்கொள்வார் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அவர் கண் பவுலில் இருக்காது, கல்லாவில் இருக்கும். அடிபட்டவரை முதலில் பார்க்க வேண்டிய ஆளை வாசலோடு கட்டிப்போட்டுவிடுவோம்.

மூன்றாவதாகச் சட்டம். இதில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அனுபவம் நமக்கு நேரடியாக உதவும். 1970களில் அங்கே ஸ்கேட் பார்க்குகள் தனியார் கையில், காசு கொடுத்து நுழையும் இடங்களாகவே எழுந்தன. கார்ல்ஸ்பாடில் 1976இல் ஒன்று, அப்லண்டில் 1977இல் பைப்லைன் என்ற புகழ்பெற்ற ஒன்று. விபத்து வழக்குகளும் ஏறிக்கொண்டே போன காப்பீட்டுத் தொகையும் அந்தத் தலைமுறைப் பார்க்குகளை ஒவ்வொன்றாக மூடவைத்தன. தாக்குப்பிடித்து நின்ற பைப்லைனும் 1988இல் போனது. நகரங்கள் தாமே பார்க் கட்டத் துணிந்தது பிற்பாடுதான். 1998இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்குப் பெரிய காரணம். ஹெல்மெட், முழங்கை, முழங்கால் கவசம் முதலிய நிபந்தனைகளோடு, பொதுப் பார்க்கில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் செய்யும் ஸ்கேட்போர்டிங்கை ஆபத்தான பொழுதுபோக்கு என்று அது வகைப்படுத்தியது. அந்த வகைக்குள் வரும் விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு உள்ளாட்சி பொதுவாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: அந்த விளையாட்டுக்கென்றே தனிக் கட்டணம் வாங்கி அனுமதி தந்திருந்தால் பாதுகாப்பு கிடையாது. ஆக, வாசலில் வாங்கும் சில்லறை நகரத்தின் சட்டக் கவசத்தையே கழற்றிவிடும்.

இந்தியாவிலும் இதே போக்கைப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகத் தரப்படும் சேவையைச் ‘சேவை’ என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. கட்டணம் வாங்கிய கணத்தில் விளையாட வந்தவர் நுகர்வோர் என்று வாதாட வழி திறக்கிறது. ரசீது அவர் கையில் சாட்சியாக இருக்கிறது. அதற்காக, இலவசமாக விட்டுவிட்டால் பொறுப்பே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உடைந்த குழாயைச் சரிசெய்யாமல் விட்டால் கவனக்குறைவுக்கான வழக்கு எப்போதும் வரலாம், வரவும் வேண்டும். காசு வாங்குவதால் கூடும் பொறுப்பு, வாங்கும் காசை விடப் பல மடங்கு பெரியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தீர்மானத்துக்கு முன் நகராட்சி வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்விக்காவது எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் எதற்கு விலை வைப்பது என்ற நல்ல கேள்விக்கு வருகிறோம். நம் ஊர் ஸ்கேட்டிங் தளங்களை மாலை 5 மணிக்குப் போய்ப் பார்த்தால் பதில் தெரியும். பயிற்சியாளர் ஒருவர் கூம்பு கூம்பாக வரிசை வைத்து, 20 பிள்ளைகளை நிறுத்தி வகுப்பு எடுப்பார். தளத்தின் பாதி அவர் வசம். தனியாக வந்த பிள்ளைகள் ஓரத்தில் காத்திருப்பார்கள். தனியாக வந்த பிள்ளையிடம் 20 ரூபாய் வாங்கிவிட்டு, மாதம் பல ஆயிரம் சம்பாதிக்கும் வகுப்பை அதே 20 ரூபாயில் விடுவது நேர்த் தலைகீழ். கட்டணத்தை இங்கே வையுங்கள். 20 பிள்ளைகளிடம் ஆளுக்கு 1,500 வாங்கும் பயிற்சியாளரின் மாத வரவு 30,000. அவர் மாதம் 12 மணி நேரம் இடத்தை எடுத்துக்கொள்கிறார் என்றால், மணிக்கு 250 வீதம் 3,000 ரூபாய், வரவில் பத்தில் ஒரு பங்கு. அவரால் தாங்க முடியும். வசூலிக்க ஆள் தேவையில்லை, மாதத் தொடக்கத்தில் ஒரே செலுத்துச்சீட்டு. விகிதத்தை விட முக்கியம் நேர வரம்பு. மாலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வகுப்புகளுக்கு ஒதுக்கக் கூடாது, ஞாயிறு மாலை முழுக்கப் பொதுவுக்கு என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வருமானம் பார்த்துப் பழகிய அலுவலகம் ஒவ்வொரு மணியாக விற்றுக்கொண்டே போகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான வகுப்பு என்றால் விகிதம் பூஜ்யம்.

போட்டி, படப்பிடிப்பு, விளம்பர நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு நாள் வாடகையும் திரும்பத் தரக்கூடிய வைப்புத்தொகையும் வையுங்கள். கான்கிரீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் பூசக் கூடாது என்ற நிபந்தனை ரசீதின் பின்புறம் இருக்கட்டும். மூடும் நாளை ஒரு வாரம் முன்பே வாசலில் எழுதிப் போடுங்கள். டீக்கடைக்கோ ஜூஸ் கடைக்கோ இடம் கொடுத்தால் அந்த வாடகையும் இந்தக் கணக்கில்தான் சேர வேண்டும். போர்டை வாடகைக்குத் தருவதிலும் தவறில்லை, அது தேய்கிற பொருள். ஆனால் ஹெல்மெட்டை மட்டும் இலவசமாகக் கொடுங்கள். காசு கேட்டால் பிள்ளைகள் வெறுந்தலையோடு இறங்குவார்கள்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், உடைத்துப் போடுவார்கள் என்பது அடிக்கடி கேட்பது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பர்ன்சைடு பாலத்துக்கு அடியில் 1990இல் ஸ்கேட்டர்கள் தங்கள் கையாலேயே கான்கிரீட் குழைத்து ஒரு பார்க்கைக் கட்டத் தொடங்கினார்கள். அனுமதியே பின்னால்தான் வந்தது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. இத்தனை ஆண்டுகளாக அதைப் பராமரிப்பவர்களும் ஓட்டுகிறவர்களே. பராமரிப்பில் கையும் சொல்லும் இருந்தால் மதிப்பு தானாக வரும். உங்கள் ஊரிலும் பயனாளர் குழு ஒன்றை அமைத்துப் பழுதுப் பட்டியலை அவர்களிடமிருந்து வாங்குங்கள்.

ஸ்கேட் செய்யாதவர் வரிப்பணத்தில் இது எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகாதவர்களும் கட்டுகிறார்கள். அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகர உள்ளாட்சிகளின் பணிகளில் பூங்காவையும் விளையாட்டு மைதானத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மூன்றாவது வாதம் கொஞ்சம் வலுவானது: வெளிநாட்டில் உள்ளரங்கப் பார்க்குகள் காசு வாங்கத்தானே செய்கின்றன? வாங்குகின்றன, சரிதான். அவற்றுக்குக் கூரை, வாடகை, பணியாளர், அடிக்கடி மாற்ற வேண்டிய ப்ளைவுட் தளம் எல்லாம் உண்டு. உங்கள் ஊரில் கூரை போட்ட உள்ளரங்கம் கட்டினால் என் முடிவும் மாறும், கட்டணம் நியாயமே. திறந்தவெளிக் கான்கிரீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

சரி, பெயருக்குப் பத்து ரூபாய் வைப்போமே என்பார்கள். வாசலில் நிற்கும் ஆளின் சம்பளம் பத்து ரூபாய்க்கும் அதேதான். ஸ்கேட்டர்கள் படம் பார்க்க வருவது போல ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதில்லை. 20 நிமிடம் ஓட்டுவார்கள், வெளியே போய்த் தண்ணீர் குடிப்பார்கள், திரும்புவார்கள், ஒரே தந்திரத்தை நூறு முறை விழுந்து பழகுவார்கள். தினமும் வரும் பிள்ளைக்குப் பத்து ரூபாய் என்பது மாதம் 300, அண்ணன் தங்கை இருவர் என்றால் 600. மாமல்லபுரம் மீனவர் குடியிருப்பில் வளர்ந்த கமலி மூர்த்தி வெறுங்காலோடு போர்டில் ஏறிப் பழகியவர். அவரைப் பற்றிய ‘கமலி’ குறும்படம் பாஃப்டா பரிந்துரை வரை போனது. அந்த மாதிரிப் பிள்ளைகளை முதலில் திருப்பி அனுப்புவது இந்தப் பத்து ரூபாய்தான். கூட்டம் நெரிகிறது என்பதே கவலை என்றால் விலையால் குறைக்காமல் நேரத்தால் பிரியுங்கள்: சிறுவர்களுக்கு ஒரு மணி, பெண்களுக்கு ஒரு மணி, பிஎம்எக்ஸ் சைக்கிளுக்கு ஒரு மணி.

எல்லாவற்றையும் ஒரே குத்தகைக்கு விட்டுவிடலாம் என்ற யோசனையும் வரும். அதிக ஏலத்தொகை கேட்டவர் அதை வாசலில்தான் மீட்பார். 2024இல் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க வழிசெய்யும் தீர்மானத்தைப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டது. பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடுங்கள், விலை வைக்கும் அதிகாரத்தை விடாதீர்கள்.

வரும் பணத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். பொது நிதியில் கலந்தால் பயிற்சியாளர் கட்டிய 3,000 ரூபாய் ஒருபோதும் துடைப்பமாகத் திரும்பி வராது. வரவையும் செலவையும் மாதந்தோறும் வாசல் பலகையில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய் மாலையும் ஒரு ஞாயிறு மாலையும் ஆளை நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள்: எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து வகுப்பு நேரத்தையும் விகிதத்தையும் திருத்துங்கள். உங்கள் ஊரில் இப்படியொரு தீர்மானம் வரும்போது கவுன்சிலரைப் பார்த்து, முதல் வரியில் ‘நுழைவு இலவசம்’ என்று எழுதச் சொல்லுங்கள். மற்ற விகிதங்கள் அதற்குக் கீழே வரட்டும்.