போட்ட பசளை எங்கே போகிறது?



"போன மாசந்தான் யூரியா போட்டேன். ஒரு மழை பெஞ்சதோட கரட் இலையெல்லாம் திரும்பவும் மஞ்சளாப் போச்சு." லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அதே பசளையை அதே அளவு போட்ட அடுத்த வீட்டுக்காரருக்கோ கரட் செழிப்பாக வந்திருக்கும். "அவங்களுக்குக் கைராசி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உண்மையில் அது கைராசி இல்லை, மண்ணின் பிடிமானம். சில மண் பசளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில மண் மழையோடு விட்டுவிடும். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நம்ம காசு கானில் ஓடாது.

பசளை கரையும்போது நடப்பது

கறிக்கு உப்புப் போட்டால் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. பசளையும் அப்படித்தான். கரைந்த பிறகு அது மிகச் சிறிய துணிக்கைகளாக மண் ஈரத்தில் இருக்கும். இவற்றுக்கு அயன் என்று பெயர். பற்றரியில் கூட்டல் முனை, கழித்தல் முனை என்று இருக்கிறதல்லவா? அதுபோல அயன்களிலும் இரண்டு வகை உண்டு. நேர் ஏற்றம் உள்ளவை ஒரு வகை, மறை ஏற்றம் உள்ளவை மற்ற வகை. எதிர் எதிரானவை ஒன்றையொன்று இழுக்கும். ஒரே மாதிரியானவை விலகும்.

பயிருக்கு வேண்டிய அமோனியம், பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் ஆகியவை நேர் ஏற்றம் உள்ளவை. நைத்திரேற்று, பொசுபேற்று இரண்டும் மறை ஏற்றம் உள்ளவை. களித் துணிக்கையின் மேற்பரப்பும், உக்கிப்போன இலைதழையும் பெரும்பாலும் மறை ஏற்றம் கொண்டவை. அதனால் அமோனியமும் பொற்றாசியமும் மண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. நைத்திரேற்று ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடுகிறது.

ஒட்டியிருப்பதைப் பயிர் எப்படி எடுக்கும் என்று கேட்பீர்கள். வேர் சும்மா வாங்குவதில்லை, பண்டமாற்றுச் செய்கிறது. வேர் ஒரு ஐதரசன் அயனைக் கொடுக்கும். மண் அதை வாங்கிக்கொண்டு ஒரு பொற்றாசியத்தை விடும். கடையில் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற மாதிரி.

இதை முதலில் கண்டவர்கள்

இங்கிலாந்தில் எச். எஸ். தொம்சன் என்ற விவசாயப் பிரபு 1845ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தார். அமோனியம் சல்பேற்றைத் தண்ணீரில் கரைத்து மண் நிரப்பிய குழாய் வழியாக ஊற்றினார். கீழே வந்த தண்ணீரில் அமோனியத்துக்குப் பதிலாகக் கல்சியம் இருந்தது. மண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டிருந்தது. தோமஸ் வே என்ற இரசாயன அறிஞர் இதையே விரிவாக ஆராய்ந்து 1850இல் எழுதினார். அந்தக் காலத்தில் நம்ம மலைகளில் இருந்தது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல்தான்.

நம்ம மலை மண்ணின் குணம்

ஹட்டன், நுவரெலியா பக்கத்து மலைகள் கணக்கில்லாத காலமாகப் பெருமழையில் நனைந்தவை. அந்த மழை நல்ல சத்துகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருக்கும் களி, சத்தைக் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். ஆனால் உக்கல் அப்படியில்லை. எடைக்கு எடை பார்த்தால் இந்தக் களியைவிட உக்கல் பத்து மடங்குக்கும் மேலாகச் சத்தைப் பிடித்துவைக்கும். வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அதே வகை அமிலப் பகுதிகள் உக்கலிலும் நிறைய உண்டு. அவைதான் மறை ஏற்றத்தைக் கொடுத்துச் சத்தை இழுத்துப் பிடிக்கின்றன.

ஆகவே நம்ம மலையில் பசளைக்குக் களஞ்சியம் மேல் மண்ணில் உள்ள அந்தக் கறுப்புத்தான். அது கழுவிப்போனால் களஞ்சியமே போனது மாதிரி.

நம்ம மண்ணின் சிவப்பும் மஞ்சளும் இரும்பிலிருந்து வருபவை. கூடவே அலுமினியமும் உண்டு. புளிப்பு மண்ணில் இந்த இரும்பு, அலுமினியத் துணிக்கைகள் பொசுபேற்றைப் பூட்டுப் போட்ட மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பொற்றாசியம் கைகோர்த்து நிற்கிறது, கேட்டால் விடும். பொசுபேற்று பூட்டுக்குள் இருக்கிறது, லேசில் வராது. கூட்டெரு போட்டால் அந்த இடங்களில் உக்கல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது பொசுபேற்று பயிருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

புளிப்பு மண்ணில் கரைந்து நிற்கும் அலுமினியம் பீட்ரூட், போஞ்சி போன்றவற்றின் வேரைக் கருக்கும். தேயிலை அதைத் தாங்கும். அலுமினியத்தைத் தன் முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கும் செடி அது. மண்ணின் பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்கு நல்லது. மரக்கறிகளில் பெரும்பாலானவைக்கு 6 அளவில் இருக்க வேண்டும். உக்கல் அலுமினியத்தையும் கட்டிப்போடுவதால் மரக்கறி வேருக்கு அது ஒரு காவல்.

2021 சொல்லித்தந்த பாடம்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருடம் முடியுமுன்னே தடை எடுக்கப்பட்டாலும் பசளை விலை பல மடங்கு ஏறிவிட்டது. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடி கிலோ. 2022இல் அது சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. இதற்குப் பசளை இல்லாமல் போனது ஒரு முக்கிய காரணம். கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது நம்ம பெயர்க்கணக்குத்தான்.

"உக்கல் அவ்வளவு நல்லதென்றால் கூட்டெரு மட்டும் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதே 46 கிலோவுக்கு 4,600 கிலோ கூட்டெரு சுமக்க வேண்டும். ஏக்கர் கணக்கான மலைக்கு அது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. உக்கல் பானை மாதிரி, பசளை அரிசி மாதிரி. பானை மட்டும் இருந்தால் சோறு வேகாது. ஓட்டைப் பானையில் அரிசி போட்டாலும் பயனில்லை.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் துணி கட்டுங்கள். ஒன்றில் நன்றாகக் கழுவிய ஆற்று மணல், மற்றதில் கூட்டெரு சேர்ந்த கறுப்பு மண். வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தில் (ஜென்ஷன் வயலட்) இரண்டு மூன்று துளியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கலந்து, பாதிப் பாதியாக மெதுவாக ஊற்றுங்கள். அந்த ஊதாச் சாயமும் நேர் ஏற்றம் உள்ளதுதான். மணல் வழியாக வரும் தண்ணீரில் ஊதா கூடுதலாகத் தெரியும். கறுப்பு மண் அந்த ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். பசளையும் இப்படித்தான் பிடிபடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாயம் உடுப்பில் பட்டால் போகாது, கவனம்.

நாம் செய்யக்கூடியவை

1. குப்பை, இலை, மரக்கறிக் கழிவுகளை எரிக்காதீர்கள். மாட்டுச் சாணத்தோடு சேர்த்துக் கூட்டெரு ஆக்குங்கள்.

2. கவ்வாத்து மிலாறை விறகுக்கு எடுத்தாலும் இலையை மலையிலேயே உதறிவிட்டு வாருங்கள். மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து வெட்டிப் போடுவதும் மண்ணில் உக்கலைப் பெருக்கத்தான்.

3. பசளையை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவையாகப் போடுங்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தைக் கொஞ்ச நாளில் நைத்திரேற்றாக மாற்றிவிடும். அதற்கு முன்னேயும் பின்னேயும் பெருமழை வந்தால் நட்டம். மண் ஈரமாக இருக்கும் நாள் நல்லது, கொட்டுகிற மழை நாள் ஆகாது.

4. மரக்கறித் துண்டுக்கு டொலமைட்டோ கொஞ்சம் அடுப்புச் சாம்பலோ போடலாம். ஆனால் யூரியாவோடு சாம்பலைக் கலக்கக் கூடாது. நைதரசன் மூக்கைத் துளைக்கும் வாயுவாகப் பறந்துவிடும். தேயிலைக்குத் தோட்ட உத்தியோகத்தர் சொல்லாமல் சாம்பலோ சுண்ணாம்போ போட வேண்டாம். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் இருந்து வருகிறது. தேயிலை மண்ணுக்கு அதன் ஆலோசனைப்படி நடப்பதே நல்லது.

5. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுங்கள். கான்களில் தங்கிய கறுப்பு மண்ணை அள்ளித் திரும்பப் பாத்திக்கே போடுங்கள்.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். கழுவிப்போகும் நைத்திரேற்று எங்கேயோ மறைந்துவிடுவதில்லை. கீழ் லயத்துப் பீலிக்கும் ஓடைக்கும் அது போய்ச் சேரும். குடிதண்ணீரில் நைத்திரேற்று அளவுக்கு மீறினால் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. மேல் லயத்தில் இருப்பவர் தன் மண்ணைக் காப்பாற்றினால் கீழ் லயத்துப் பிள்ளையையும் காப்பாற்றுகிறார்.

இந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டெருக் குழி வெட்டுங்கள். அடுத்த போகத்தில் பசளைக்குச் செலவழிக்கும் காசு மண்ணில் நிற்கும்.

– நலன்புரி உத்தியோகத்தர்