வாய்ச்சொல்லும் கையொப்பமும்

வாக்குக் காத்தலைப் பற்றிப் பேசப் புகுந்தால் நம்மவர் பெரும்பாலும் அரிச்சந்திரன் கதையையே எடுத்துக் காட்டுவர். அக்கதையில் வாக்குக் கொடுத்தவன் அரசன். நாடும் பொருளும் உடையவன். தான் கூறும் சொல்லின் கனத்தை அறிந்தவன். வாக்குக் கொடுப்பவன் பதினாறு வயதுச் சிறுவனாகவும், அதனைப் பெறுபவர் பெரும்பொருள் கையாளும் பல்கலைக்கழகமொன்றின் பயிற்றுநராகவும் இருப்பின் அறம் யாது கூறும்? இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கல்லூரிப் பந்தாட்டத்துக்கு மாணவரைச் சேர்க்குங் காலத்தில், ஆண்டுதோறும் எழுகின்றது. கல்வியும் விளையாட்டும் ஒருங்கே பயின்றோர் படிக்கும் மலர் இஃதாதலின், அதனை ஈண்டு ஆராய்தல் பொருந்தும் என எண்ணுகின்றோம்.

பந்தாட்டம் என்றது நாம் அறிந்த உதைபந்தாட்டத்தை அன்று. றக்பியிலிருந்து கிளைத்ததும், நீள்வட்டமான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவதுமான அமெரிக்க ஆட்டமே இங்குப் பொருள். கல்லூரி ஆட்டமென்று இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 107,601 பேருக்கு இடமுண்டு. பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் பெறுவோருள் மிகுந்த ஊதியம் பெறுபவர் ஆளுநரல்லர். பல்கலைக்கழகப் பந்தாட்டப் பயிற்றுநரே. மறுபுறத்தில், தேர்ந்தெடுக்கப்படும் மாணவனுக்குப் படிப்புச் செலவு, விடுதி, உணவு யாவும் புலமைப்பரிசிலாகக் கிடைக்கின்றன. வறிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டம் பெறும் வழி அஃதொன்றாகவே இருத்தலும் உண்டு. மேற்றரத்துக் கல்லூரியொன்று இவ்வாறு உதவக்கூடியோர் தொகை 2025 வரையும் 85 என வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒருவனுக்குக் கொடுத்த இடம் மற்றொருவனுக்கு இல்லையாகும். வினாவின் முள் இங்கேதான் இருக்கின்றது.

சேர்க்கும் முறை பின்வருமாறு. பயிற்றுநர் பாடசாலை மாணவனை நோக்கி, ‘உனக்கு எம்மிடத்தில் இடமுண்டு’ என்கின்றார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, பாடசாலையின் இறுதியாண்டு தொடங்கும் ஓகஸ்ட் 1 ஆந் தேதிக்கு முன்னர் இதனை எழுத்தில் கொடுத்தலாகாது. எனவே அதுவரை நிகழ்வன எல்லாம் வாய்மொழியே. மாணவன் ‘வருகின்றேன்’ என்று கூறி ஊரறிய அறிவிக்கின்றான். இந்த வாய்மொழி இசைவு சட்டத்தின்முன் இருதிறத்தாரையும் கட்டாது. கட்டுவது கையொப்பமே. 1964 முதல் 2024 வரை அதற்கென நாடளாவிய உறுதிப் பத்திரம் ஒன்று இருந்தது. பெப்ரவரி முதற் புதன்கிழமையில் அது ஒப்பமிடப்பட்டு வந்தது. 2017 இலிருந்து டிசம்பரிலும் ஒப்பமிடலாயிற்று. மாணவன் இருபத்தொரு வயதுக்குட்பட்டவனாயின் பெற்றோரும் கூட ஒப்பமிடவேண்டும். வாய்மொழி இசைவுக்கும் இந்த ஒப்பத்துக்கும் இடையே மாதங்கள் பல, சில வேளைகளில் ஆண்டுகள் பல, கழிகின்றன.

இங்கு வழங்குஞ் சொற்களையே சற்று உற்று நோக்குதல் வேண்டும். பயிற்றுநர் கொடுப்பதன் பெயர் ‘அழைப்பு’; மாணவன் கொடுப்பதன் பெயரோ ‘தன்னை ஒப்புவித்தல்’ என்னும் பொருளது. முன்னது இலேசானது, பின்னது கனமானது. மாணவன் மனம் மாறினால் அதனைக் குறிக்கத் தனியொரு வினைச்சொல் ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டனர். அதன் எழுவாய் எப்பொழுதும் மாணவனே. பயிற்றுநர் பின்வாங்கினாலோ ‘அழைப்பு மீளப்பெறப்பட்டது’ எனச் செயப்பாட்டு வினையில் முடித்துவிடுவர். மீளப்பெற்றவர் யார் என்பது மறைந்துபோகின்றது. இலக்கணம் அறிந்தோர் இதனை எளிதிற் கண்டுகொள்வர். இன்னும் ஒரு விந்தை: ‘ஏற்கக்கூடிய அழைப்பு’ என்றொரு வழக்கும் அங்கே உண்டு. அப்படியாயின் ஏற்கக்கூடாத அழைப்பும் உண்டன்றோ? உண்டு. பயிற்றுநர் ஒரே நிலைக்குப் பலரை அழைத்து வைப்பார். அவருள் ஒருவன் ‘வருகின்றேன்’ என்றால், ‘சற்றுப் பொறு’ என்பார். அழைக்கப்பட்டவன் கதவைத் தட்டியபோது திறவாத வீட்டை நாம் என்னவென்று சொல்வது?

2010 பெப்ரவரியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் லேன் கிபின், டெலவேர் மாநிலத்து டேவிட் சில்ஸ் என்னும் சிறுவனை அழைத்தார், சிறுவனும் இசைந்தான். அவனுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. ஏழாம் வகுப்பு மாணவன். நாடெங்கும் அது பேச்சாயிற்று. அவன் கல்லூரிக்குச் செல்லுமுன், 2013 செத்தெம்பரில், கிபின் பதவியினின்றும் நீக்கப்பட்டார். புதிய பயிற்றுநர் வந்தார். 2014 இல் சில்ஸ் தமது இசைவை விலக்கிக்கொண்டு மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தார். பந்தெறியும் நிலைக்கென அழைக்கப்பட்ட அவர் முடிவிற் பெயர் பெற்றதோ பந்தைப் பிடிக்கும் நிலையில். 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் 18 முறை பந்தைப் பிடித்து எல்லைக்கோட்டுக்கப்பாற் சேர்த்தார். அவர் நல்லூழ் உடையவர் எனலாம். ஆயின் பதின்மூன்று வயதில் நிகழ்ந்த அந்த வாக்குப் பரிமாற்றத்தில் வாக்கை மீறியவர் யார்? எமக்கு எவருந் தோன்றவில்லை. கொடுத்தவர் போய்விட்டார், அவர் பேசியது தம் பெயரிலா, பல்கலைக்கழகத்தின் பெயரிலா என்பது ஒருபோதும் தெளிவாக்கப்படவில்லை. குறை வாக்கை மீறியதில் அன்று, கொடுத்ததில் என்பதே எமது துணிபு. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உடல் எவ்வாறு வளரும் என்பதைக்கூட அறியமுடியாத ஒருவர், அப்பிள்ளையின் பத்தொன்பதாம் வயதைக் குறித்து யாதொன்றும் கூற உரிமையுடையவரல்லர்.

கையொப்பம் வந்துவிட்டால் எல்லாம் செம்மையாகிவிடும் என்றும் கூறுவதற்கில்லை. ஓராண்டிற் புதிதாகச் சேர்க்கத்தக்கோர் 25 பேர் என்ற விதி இருந்த காலத்தில், 2009 இல், மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் 37 பேரிடம் ஒப்பம் பெற்றது. சிலர் கல்வித் தகுதி பெறார் என்னும் எதிர்பார்ப்பும் அக்கணக்கில் இருந்தது. அவ்வாண்டிலேயே தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டிணைவு 28 என எல்லையிட்டது. 2011 இல் அதனை 25 ஆகக் குறைத்தது. இடத்துக்கு மிஞ்சி ஆள் சேர்த்த கல்லூரி என் செய்யும்? ‘இவ்வாண்டு வேண்டாம், வருகின்ற ஜனவரியில் வா’ என்று ஒருவனைக் காத்திருக்கச் சொல்லும். இச்செய்தி ஒப்பமிடும் நாளுக்கு அணித்தாக வருமாயின், அவனை முன்பு விரும்பிய ஏனைய கல்லூரிகளின் இடங்கள் நிரம்பியிருக்கும்.

இதனைச் சட்டம் அறியாததன்று. 1932 இல் அமெரிக்கச் சட்டக் கழகம் வெளியிட்ட ஒப்பந்தச் சட்டத் தொகுப்பின் 90 ஆம் பிரிவு, கைம்மாறு இல்லாத வாக்காயினும், கேட்டவன் அதனை நம்பி நடப்பான் என்று எதிர்பார்க்கத்தக்கதாய் இருந்து, அவன் அவ்வாறே நடந்தும் விட்டால், அநீதியைத் தவிர்த்தற்பொருட்டு அவ்வாக்குக் கட்டும் என்கின்றது. மேலும், வயது வராதவன் செய்த ஒப்பந்தத்தை அவன் தள்ளிவிடலாம். அவனோடு செய்துகொண்ட பெரியவர் தள்ளலாகாது என்பது அந்நாட்டில் வழங்கும் பழைய ஆங்கிலப் பொதுச்சட்ட நெறி. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், வாய்மொழி இசைவில் இருவர் சொல்லும் ஒரே நிறையுடையன அல்ல என்பது பெறப்படும். கல்லூரியின் சொல்லை நம்பி மாணவன் ஏனைய வாயில்களை அடைத்துக்கொள்கின்றான். மாணவன் சொல்லை நம்பிக் கல்லூரி இழப்பது மிகச் சிறிது. அது அந்நிலைக்கு வேறொருவனைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். அப்படியிருந்தும் சில பயிற்றுநர், தமக்கு இசைந்த மாணவன் பிறிதொரு கல்லூரியைச் சென்று பார்த்தால் இடம் போய்விடும் என்று விதிப்பதுண்டு. அவரே டிசம்பர் மாதத்தில் வேறு பதவி தேடிச் செல்லுதலும் உண்டு. ஒப்பந்தத்தை முறித்தற்குரிய தொகை அவரது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும், அது செலுத்தப்படும். மாணவன் கையிலோ எழுத்தொன்றும் இல்லை.

இவ்வாறு கூறுவதால் மாணவர் செய்வனவெல்லாம் சரியென்று கொள்ளற்க. விருப்பமில்லாத கல்லூரிக்கு இசைவு தந்து இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, மேலானதொன்றை எதிர்பார்த்திருப்போர் உளர். ஒப்பமிடும் நாளிற் பல கல்லூரிகளின் தொப்பிகளை மேசைமீது பரப்பி, படப்பிடிப்பாளர் முன்னிலையில் ஒன்றைத் தூக்கி அணியும் காட்சியும் அங்கே வழக்கம். தன்னை நம்பியிருந்தவர் அந்தக் காட்சியாலேயே செய்தியை அறிதல் கொடிது. அவன் பிடித்துவைத்த இடத்தால் பாதிக்கப்படுபவன் பயிற்றுநரல்லன், அவ்விடத்தைப் பெற்றிருக்கக்கூடிய இன்னொரு மாணவன். மனம் மாறுதல் பதினேழு வயதுக்கு இயல்பு; மாறியதை மறைத்தலே பிழை. மாறிய அன்றே தொலைபேசியில் அழைத்துத் தானே சொல்லுதல் அவன் கடன். தந்தையைக் கொண்டு சொல்லுவித்தலையும் நாம் ஏலோம்.

அண்மைக் காலத்தில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயராலும் உருவாலும் பொருள் ஈட்டலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி கல்லூரிகளே அவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாயின. உறுதிப் பத்திரத் திட்டம் 2024 ஒக்டோபரில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் உதவிப்பண ஒப்பந்தமே நிற்கின்றது. பணம் புகுந்தபின் வாய்ச்சொல் அருகிவிடும் என எதிர்பார்த்தோரும் உளர். நிகழ்ந்ததோ வேறு. 2022 நவம்பரிற் கலிபோர்னிய மாணவர் ஒருவர், ஆதரவாளரின் 138 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் உடன்படிக்கையோடு, மயாமிக்குத் தந்த இசைவை விட்டுப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின்பாற் சென்றார். பணம் வரவில்லை, அவர் அங்கே படிக்கவும் இல்லை. பொய்யான வாக்குறுதிகளால் ஏமாற்றப்பட்டதாகக் கூறி 2024 மே மாதத்தில் அவர் வழக்குத் தொடுத்தார்.

பெற்றோர் செய்யத்தக்கது, அழைப்பு வந்த அன்றே சிலவற்றைக் கேட்டல். இதே நிலைக்கு இன்னும் எத்தனை பேரை அழைத்திருக்கின்றீர்? ஒப்பமிடுமுன் என் மகன் முழங்கால் முறிந்தால் இடம் நிற்குமா? நீர் போய்விட்டால் உமது சொல் இங்கே இருக்குமா? முன்னிரண்டுக்கும் பயிற்றுநரே விடை கூறலாம். மூன்றாவதற்கு விடை கூற அவர் உரியரல்லர். அதனைக் கேட்குமிடத்து, கல்லூரியின் விளையாட்டுத்துறைத் தலைவரையும் அவ்வறைக்கு அழைப்பித்துக்கொள்ளல் வேண்டும்.