"அண்ணா, எந்த ஃப்ரேம்வொர்க் படிக்கணும்?"

கோயம்புத்தூரில் ஒரு மாடி அறை, மூன்றே பேர் இருந்த ஆபீஸ். 2006-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிஎச்பி-யில் வெப்சைட் செய்து கொடுப்போம். இன்று புதிதாக வரும் தம்பி தங்கைகள் முதல் வாரமே கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருக்கிறது. பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

1. முதலில் பிரவுசரைப் படியுங்கள். ரியாக்டில் எழுதினாலும் வியூவில் எழுதினாலும் கடைசியில் பிரவுசர் கைக்குப் போவது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட்தான். நான் சேர்ந்த வருஷம் ஜேக்வெரி வந்தது. 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013-இல் ரியாக்ட். 2016-இல் ஆங்குலரின் அடுத்த பதிப்பு வந்தபோது பழைய கோட் அதில் அப்படியே ஓடவில்லை. ஃப்ளாஷை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2020 டிசம்பரோடு கையில் இருந்த கருவியே போய்விட்டது. ஆனால் டிம் பெர்னர்ஸ்-லீ காலத்து முதல் வெப்சைட்டை செர்ன் ஆய்வகம் 2013-இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றியது. உங்கள் மொபைலில் திறந்து பாருங்கள், படிக்க முடியும். அதனால் முதல் சில மாதம் எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல் ஒரு ஃபாரம், ஒரு லாகின், ஒரு பட்டியல் பக்கம் கையால் எழுதிப் பழகுங்கள். அதன் பிறகு எதைப் படித்தாலும் சீக்கிரம் பிடிபடும்.

2. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் லீவில் இருக்கும் நாளில் அதை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்து பக்கமுள்ள ஜவுளிக்கடை சைட்டுக்கு ரியாக்ட் வேண்டாம். கடையில் கணக்கு பார்க்கும் அக்கா விலையைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் போதும். அவருக்கு அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். சின்ன வேலைக்கெல்லாம் ஒரு பேக்கேஜ் இறக்குவதையும் யோசித்துச் செய்யுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் அதை என்பிஎம்-இலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க எத்தனையோ ப்ராஜெக்டுகள் பில்ட் ஆகாமல் நின்றன. ஒரு சொல்லுக்கு முன்னால் இடம் விட்டு நிரப்புவதுதான் அந்த 11 வரியும் செய்த வேலை. இறக்கும் முன் உள்ளே திறந்து படியுங்கள். நீங்களே எழுதக்கூடியது என்றால் எழுதிவிடுங்கள்.

3. எர்ரரை முழுசாகப் படியுங்கள். பலர் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் கோடில் எதையாவது மாற்றத் தொடங்குகிறார்கள். எர்ரரில் உங்கள் ஃபைல் பெயர் வரும் முதல் வரியைத் தேடுங்கள். அடுத்து நெட்வொர்க் டேப். ரிக்வெஸ்ட் போனதா? 404 என்றால் முகவரியைப் பாருங்கள், 401 என்றால் லாகினை, 500 என்றால் சர்வர் லாகை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

4. தமிழில் தட்டிப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலில் 'பூங்கொடி' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. பெயரோ திரையில் கண்ணெதிரே இருக்கிறது. அரைநாள் போனது. 'கொ'வில் வரும் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் மூலம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பிள்ளை கிடைத்தாள்.

அதே பெயரை எண்ணிப் பாருங்கள். நமக்கு நாலு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் எட்டு என்று சொல்லும். யுடிஎஃப்-8-இல் 24 பைட். அடையாள அட்டையில் இடம் போதவில்லை என்று லெங்த் ஐந்தோடு வெட்டினால் 'பூங்க' என்று அச்சாகும். எழுத்தைச் சிதைக்காமல் எண்ண பிரவுசரிலேயே செக்மென்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 வையுங்கள். பழைய யுடிஎஃப்8-இல் தமிழ் அடங்கும், எமோஜி அடங்காது. ஒரு பிள்ளை தன் பெயர் உடைந்து நிற்கும் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருஷம் முழுக்க நடக்கக் கூடாது.

5. சர்வர் நேரம் பெரும்பாலும் யுடிசி-யில் ஓடும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். கவனிக்காவிட்டால் நள்ளிரவு முதல் விடிகாலை 5.30 வரை வந்த ஆர்டரெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி பூஜ்யம் என்பதையும் மறக்காதீர்கள்.

6. லைவ் டேட்டாபேஸில் கை வைக்கும் முன் நில்லுங்கள். என் இரண்டாம் வருஷத்தில், ஒரு கடையின் வாடிக்கையாளர் ஒருவருக்கு போன் நம்பர் மாற்ற வேண்டியிருந்தது. அப்டேட் எழுதினேன். எந்த ஆளுக்கு என்று குறிக்கும் நிபந்தனையை எழுதாமலே என்டர் தட்டிவிட்டேன். பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நம்பர். பேக்கப் மூன்று நாள் பழையது. அதை ஏற்றிவிட்டு, மீதி நம்பர்களைக் கடையின் பில் புத்தகத்திலிருந்து இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைக்காரரிடம் அன்றே போய் உண்மையைச் சொன்னேன், புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது அவர்தான். அன்றிலிருந்து, அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணுவேன். பிறகு டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி அப்டேட், எண்ணிக்கை ஒத்துப் போனால் மட்டுமே கமிட். பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், மாதம் ஒருமுறை அதைத் திருப்பி ஏற்றியும் பாருங்கள்.

7. கிட் கமிட்டில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மாற்றியது கோடிலேயே தெரியும்.

8. வெள்ளிக்கிழமை முடியாது என்பது உங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுங்கள். திட்டு விழலாம்; ஆனால் கிளையன்ட்டுக்கு வேறு ஏற்பாடு செய்ய மூன்று நாள் கிடைக்கும்.

9. ஏஐ எழுதிக் கொடுத்த கோடைச் சேர்க்கலாம். ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அதை வரிவரியாக விளக்க முடிந்தால் மட்டும்.

10. விலை குறைந்த மொபைல் ஒன்று மேஜையில் எப்போதும் இருக்கட்டும். பள்ளிக் கட்டணம் கட்டும் பக்கம் ஒன்று செய்திருந்தேன், ஆபீஸ் வைஃபையில் பறந்தது. ஒருநாள் பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓர் அம்மா அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். வெள்ளைத் திரை. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக ஃபாரம் வந்தது. நம்பர் கட்டத்தைத் தொட்டதும் எழுத்துக் கீபோர்டு எழும்பி, பணம் கட்டும் பட்டனை மூடிவிட்டது. அவர் மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, மகனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனைப் பையில் வைத்தார். இறங்கியதும் ஆபீசுக்குப் போன் செய்து, நம்பர் கட்டத்துக்கு எண் கீபோர்டு வரும்படி மாற்றச் சொன்னேன். பட்டனை மறுநாள் காலை நானே மேலே ஏற்றினேன்.