ஃபிரேம்பஃபர் அமைக்கப் புகுந்த தம்பிக்கு

தேனாம்பேட்டை,
சென்னை – 18

அன்புள்ள தம்பிக்கு,

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, லினக்ஸ் கெர்னலை நீயே கம்பைல் செய்து, அதில் ஃபிரேம்பஃபர் டிரைவரை அமைக்க முயன்று வருகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். கிராஃபிக்ஸ் கார்டின் முழு வேகத்தையும் வெளிக்கொணரும் பெரிய டிரைவர்கள் இருக்க, இந்தப் பழைய வித்தையால் என்ன பிரயோஜனம் என்று உன் நண்பர்கள் கேட்கக்கூடும். திரையில் ஒரு கோளாறு தோன்றும்போது அது எந்த அடுக்கின் குற்றம் என்று பிரித்தறியும் விவேகம் இந்த வித்தையில் கிட்டுவதுபோல வேறெங்கும் எளிதில் கிட்டாது என்பதே என் பதில். இக்கடிதத்தின் சாரமும் அதுவே.

முதலில் வஸ்துவின் லட்சணத்தை அறிந்துகொள். பழைய வி.ஜி.ஏ. டெக்ஸ்ட் முறையில் திரை என்பது 80 கட்டங்கள் கொண்ட 25 வரிகள். கட்டம் ஒன்றுக்கு எழுத்தின் எண்ணுக்காக ஒரு பைட், நிறத்துக்காக ஒரு பைட். அச்சுக்கோப்பவரின் எழுத்துப் பெட்டியைப் போல அதில் 256 வடிவங்கள், மிஞ்சினால் 512, அடங்கும். பெட்டியில் இல்லாத எழுத்து திரையிலும் இல்லை. ஃபிரேம்பஃபரிலோ பெட்டி என்பதே கிடையாது; ஒவ்வொரு பிக்சலின் நிறமும் வரிசையாக எழுதப்பட்ட மெமரிப் பரப்பு ஒன்றுதான் உண்டு. 1024×768 பிக்சல், பிக்சலுக்கு 16 பிட் என்றால் அந்தப் பரப்பு சரியாக ஒன்றரை மெகாபைட். டெக்ஸ்ட் முறையே இல்லாத அமிகா, அட்டாரி யந்திரங்களில் லினக்ஸை ஓட்டுவதற்காக உருவான இந்த ஏற்பாடு, பிற்பாடுதான் பி.சி.க்கு வந்து சேர்ந்தது.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். புதிய கெர்னல் பூட் ஆகும்போது திரை இருண்டுவிட்டால், யந்திரமே நின்றுவிட்டதென்று பதறிப் பவர் பட்டனை அழுத்தாதே. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து பார்த்தால், கெர்னல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பாய். டிரைவரைச் சேர்த்துவிட்டு, அதன்மேல் எழுத்தை வரைகிற ஃபிரேம்பஃபர் கன்சோலைச் சேர்க்க மறந்திருக்கலாம். அல்லது ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் உரிமை கொண்டாடியிருக்கலாம். இன்னொன்றையும் நினைவில் கொள்: பயாஸை நம்பியிருக்கும் வெசா டிரைவரை மாட்யூலாக வைக்க இயலாது. பூட் வரியில் 791 என்று நீ கொடுக்கும் எண்ணைக் கொண்டு, கெர்னல் முழுமையாக விழித்தெழுமுன்னரே பயாஸ் வழியாகத் திரையின் முறை நிர்ணயமாகிவிடுவதால், அது கெர்னலுக்குள்ளேயே இடம்பெற வேண்டும். யு.இ.எஃப்.ஐ. யந்திரங்களில் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. ஃபர்ம்வேர் தானே முறையை அமைத்துப் பரப்பைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. எது எப்படியாயினும், ஓடுகிற பழைய கெர்னலை கிரப் பூட் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்காதே.

இரண்டாவது கோளாறு, படம் சாய்ந்து போவது. 1366 பிக்சல் அகலமுள்ள லேப்டாப் திரையில், பிக்சலுக்கு 4 பைட் வீதம், ஒரு வரிக்கு 5464 பைட் என்று கணக்கிட்டு நீ எழுதத் தொடங்குவாய். கார்டோ 64 பைட்டின் மடங்கில்தான் வரியை ஆரம்பிக்கும் வழக்கமுடையதாயின், வரியின் மெய்யான நீளம் 5504 பைட். இந்த 40 பைட் வித்தியாசத்தால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிடப் பத்துப் பிக்சல் இடப்புறம் நழுவி, நேர்க்கோடெல்லாம் சரிவாகிவிடும். அகலத்தைப் பெருக்கி நீளத்தை ஊகிக்காதே. டிரைவர் தருகிற வரி நீளத்தைக் கேட்டு வாங்கு.

மூன்றாவது, நம் தமிழைப் பற்றியது. ‘கோ’ என்று எழுதும்போது மெமரியில் ககரத்துக்குப் பின்னால் ஒரே குறி நிற்க, திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். கட்டத்துக்கு ஒரு வடிவம் என்ற நியதியை ஃபிரேம்பஃபர் கன்சோலும் பின்பற்றுவதால், புள்ளிக்குப் புள்ளி சுதந்திரம் கிடைத்த பின்னரும் கெர்னலின் கன்சோலில் தமிழ் ஒழுங்காக வரவில்லை. 2007-இல் வெளியான டெபியன் 4.0 இதற்கு ஒரு வழி கண்டது. அதன் இன்ஸ்டாலர், ஃபிரேம்பஃபரின் மேல் டைரக்ட்எஃப்பி, அதற்கு மேல் ஜி.டி.கே. என்ற நூலகங்களை அடுக்கி, எழுத்தைக் கோக்கும் பொறுப்பைப் பாங்கோ என்ற நூலகத்திடம் விட்டது. டெக்ஸ்ட் முறையில் இடம்பெற முடியாத தமிழும் இந்தியும் அந்தக் கிராஃபிகல் இன்ஸ்டாலரில் இடம்பெற்றன. இதில் ஃபிரேம்பஃபர் செய்தது புள்ளிகளைத் தந்தது மட்டுமே. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பழைய முறையிலேயே ஆயுளைக் கழித்துவிடாதே என்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். புதிய ஃபிரேம்பஃபர் டிரைவர்களை ஏற்பதில்லை என்று கெர்னலின் ஃபிரேம்பஃபர் பகுதியின் பராமரிப்பாளர் 2015-இலேயே அறிவித்துவிட்டார். இன்று டிரைவர் எழுதுகிறவன் கெர்னலின் கிராஃபிக்ஸ் அமைப்பான டி.ஆர்.எம்.மில்தான் எழுத வேண்டும். ஃபர்ம்வேர் தந்த பரப்பை அப்படியே ஏற்று நடத்தும் சிம்பிள்டிஆர்எம் என்ற சிறு டிரைவர் 2021-இல் கெர்னலில் சேர்ந்தது. அதன் மூலத்தை வரிவரியாகப் படி.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வரிசை தவறாமல், சிதையாமல் தமிழ் தெரிகிற கன்சோல் ஒன்று நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. எழுத்தைக் கோப்பது மேலடுக்கின் கடமையாதலால், அதைக் கெர்னலுக்குள் திணிக்க முற்படாமல், டி.ஆர்.எம்.மின் மேல் யூசர் ஸ்பேசில் ஓடும் புரோகிராமாக எழுது; எழுதியதைப் பூட்டி வைக்காமல் மூலத்தோடு எல்லோருக்கும் கொடு.

இங்ஙனம்,
உன் நலம் நாடும்
அண்ணன்