பனிச் சாலையில் சக்கரத்திற்குப் பிடி எது?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘வேலூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிச் சாலையைப் பற்றி எழுத வந்துவிட்டாளே!’ என்று தோழியர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் பட்டாளத்திற்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் நம் மாவட்டத்தில் அரிது. என் தந்தையார் இராணுவத்தில் லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் செல்லும் வழியில், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஜிலாக் கணவாயைப் பலமுறை கடந்தவர். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் நுனியில் இன்றுவரை உணர்ச்சி கிடையாது. சோறு பிசையும்போது அந்த ஒரு விரல் மட்டும் ஒதுங்கியே நிற்கும். இந்த ஆண்டு என் அண்ணனும் ஓட்டுநராகச் சேர்ந்து, லடாக் பகுதிக்குச் செல்ல ஆணை பெற்றிருக்கிறான். ஆகவே உராய்வு என்பது எங்கள் வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பாடம் மட்டும் அன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சக்கரம் சாலையைப் பின்னால் தள்ளுவதால்தான் வண்டி முன்னால் போகிறது. அப்படித் தள்ளுவதற்குப் பிடி கொடுப்பது உராய்வு. காய்ந்த தார்ச் சாலையில் டயருக்குரிய உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.7; இறுகிய பனியில் 0.2 அல்லது சற்றுக் கூடுதல், பனிக்கட்டியில் 0.1 அளவுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் 9 மீட்டரில் நின்றுவிடும். அதே வண்டி பனிக்கட்டியில் 63 மீட்டர் வழுக்கிச் சென்றுதான் நிற்கும். நம் பள்ளிக்கூடத்து நீண்ட தாழ்வாரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவில் சுவருக்குப் பதில் பள்ளத்தாக்கு இருக்கிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மேட்டில் ஏறுவது இன்னும் கடினம். எஞ்சின் திருப்பும் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளுகின்றன. வண்டியின் எடையில் பாதிதான் அந்தச் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்றால், பனிக்கட்டியில் 20 அடிக்கு 1 அடி உயரும் மேட்டைக்கூட அது ஏறத் திணறும். நான்கு சக்கரங்களும் திருப்பப்பட்டால் 10 அடிக்கு 1 அடி உயரும் மேடு வரை முயலலாம். அப்பா ஓட்டியது ஸ்டாலியன் லாரி. சென்னையிலுள்ள அசோக் லேலண்டு நிறுவனத்தின் வடிவமைப்பு. ஜபல்பூர் தொழிற்சாலையில் இராணுவத்திற்காக உருவானது. நான்கு சக்கரங்களும் இழுப்பது. ‘நாலு சக்கரம் இழுக்குதுன்னு மேட்டுல தைரியம் வரும், பாப்பா. ஆனா இறக்கத்துல எல்லா வண்டியும் ஒண்ணுதான்’ என்பார் அப்பா. உண்மைதான். பிரேக் எல்லா வண்டியிலும் எல்லாச் சக்கரத்திற்கும் உண்டு. நான்கு சக்கர இயக்கம் நிறுத்துவதற்கு உதவாது.

இனி, பிடிமானத்திற்கு என்னென்ன உண்டு என்று பார்ப்போம். குளிர்காலம் முழுவதும் பனி கிடக்கும் நாடுகளில் தனி டயரே உண்டு. சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். அதன் மேல் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருந்து பனியைக் கவ்வும். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை பக்கவாட்டில் இருந்தால்தான் அது சோதனையில் தேறிய டயர். இதில் ஒரு வசதி, ஓட்டுநர் எதையும் மாட்டவோ கழற்றவோ வேண்டியதில்லை. நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் டயரில் சிறு உலோக ஆணிகளையும் பதிக்கிறார்கள். வழவழப்பான பனிக்கட்டிக்கு அது நன்று. ஆனால் வெறும் தார்ச் சாலையை அது சுரண்டித் தூசியாக்குவதால், ஜெர்மனி போன்ற நாடுகள் தடை செய்துவிட்டன. துணியால் ஆன உறை ஒன்றும் உண்டு. காலுறை மாட்டுவதுபோல் டயருக்கு மாட்டிவிடலாம். எளிதுதான், ஆனால் பனியில்லாத சாலையில் சிறிது தூரம் ஓடினாலே கிழிந்துபோகும். ஆபத்துக்குக் கைகொடுக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நம் இமயமலைச் சாலைகளுக்கு வருவோம். அங்கே ஒரே நாளில் தார், சேறு, பனி, பனிக்கட்டி எல்லாவற்றையும் கடக்க வேண்டியிருக்கும். அதனால் அங்கு முதலிடம் இரும்புச் சங்கிலிக்குத்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் 1904-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் பனியிலும் ஓட்டுநர்கள் சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டியதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். மணாலிப் பக்கம் பனி மிகுந்த நாட்களில், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளையும் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் மட்டுமே காவலர்கள் மேலே விடுவதுண்டு.

சங்கிலியிலும் வகை உண்டு. ஏணிப்படிபோல் குறுக்குச் சங்கிலிகள் வரும் வகை விலை குறைவு, உறுதியானது, லாரிக்கு ஏற்றது. ஆனால் இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட வெறும் ரப்பர் தரையில் படும் கணத்தில் வண்டி பக்கவாட்டில் நழுவக்கூடும். வைர வடிவில் பின்னிய வகையில் எப்போதும் ஏதாவது ஒரு கண்ணி தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். காருக்கு அதுதான் நல்லது என்பது என் முடிவு. எதை வாங்கினாலும் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவு எண்ணுக்குப் பொருந்த வேண்டும். சிறிய கார்களில் சக்கரத்திற்கும் உடலுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. தடித்த சங்கிலி பிரேக் குழாயை அறுத்துவிடும். எந்தச் சக்கரங்கள் இழுக்கின்றனவோ அவற்றுக்குத்தான் மாட்ட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்னால் மாட்டிவிட்டு, ‘சங்கிலி போட்டும் ஏறவில்லையே’ என்று திகைத்தவர்களை அப்பா பார்த்திருக்கிறார். பூட்டிய பின் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியும் அறும், டயரும் கிழியும், சாலையும் கெடும்.

இப்போது அந்தச் சுண்டுவிரலின் கதை. ஒரு மார்கழி மாதப் பிற்பகல். அடிவாரத்தில் சமதளத்தில் நிறுத்திச் சங்கிலி பூட்டியிருக்க வேண்டும். ‘இன்னும் இரண்டு வளைவுதானே’ என்று அப்பா பூட்டாமல் ஏறிவிட்டார். நண்பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு இளகி நீர் கோத்திருந்தது. கடுங்குளிரில் உறைந்த பனிக்கட்டியைவிட, உருகும் நிலையில் இருக்கும் பனிக்கட்டியே அதிகம் வழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நடு மேட்டில் சக்கரம் அதே இடத்தில் சுழன்றது. பின்னால் பதினைந்து லாரிகள். வண்டி பின்வாங்காதபடி உதவியாளர் சக்கரத்தின்கீழ்க் கல் வைத்தார். அப்பா பனியில் படுத்துச் சங்கிலியை மாட்டினார். உள்பக்கக் கொக்கி சிறியது. தடித்த கையுறையோடு அதைப் பிடிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றினார். உறைந்த இரும்பில் ஈரக் கை ஒட்டிக்கொண்டது. இரண்டு சக்கரத்திற்கும் பூட்டி முடிக்க முக்கால் மணி நேரம். வண்டி ஏறிவிட்டது. விரல் அன்றிரவு வெளுத்து, பிறகு கறுத்தது.

‘சங்கிலி வாங்கும்போது விலையைக் கேட்காதே, கையுறையோடு கொக்கியை மாட்ட முடிகிறதா என்று பார்’ என்று அப்பா சொல்வது இதனால்தான்.

மாட்டிக்கொண்டு நகரவே முடியாமல் போனால்? இழுக்கும் சக்கரத்தின் முன் மணலோ, சாம்பலோ, கோணிச் சாக்கோ போட்டு மெதுவாக நகர்த்தலாம். எஞ்சினை உறுமவிட்டால் சக்கரம் பனியைத் தேய்த்து இன்னும் வழவழப்பாக்கும். அதுவும் பலிக்காமல் வண்டிக்குள் காத்திருக்க நேர்ந்தால், முதலில் புகைக்குழாய் வாயிலுள்ள பனியை அகற்ற வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி என்ற மலை நகரில் பனியில் சிக்கிய வாகனங்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலருடைய உயிரைப் பறித்தது கார்பன் மோனாக்சைடு வாயு என்று கருதப்பட்டது. சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு குடும்பத்தோடு உறங்கியிருப்பார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று வேதியியலில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்திருக்கிறோம்.

அண்ணன் புறப்பட இன்னும் ஒன்பது நாட்கள். சென்ற ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், அப்பா தேங்காய் நார்க் கயிற்றையும் மாடு கட்டும் சங்கிலியையும் கொண்டு ஏணிபோல ஒன்று பின்னினார். பக்கத்து வீட்டு டிராக்டரின் சக்கரத்தில் அதைப் பூட்டச் சொன்னார். கைக்கு இரண்டு சோடிக் கம்பளி உறை; அதன்மேல் அம்மாவின் அடுப்புத் துணி; கண்ணுக்கு ஒரு துண்டு. முதல் முறை 26 நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவள் நான். நான்காம் முறை 11 நிமிடம். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டு, ‘இன்னொரு தரம்’ என்றார்.