நகராத கோடு

அன்புள்ள தம்பிக்கு,

இயற்பியல் படித்தவருக்கு வேதியியல் நோபல் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். ரூதர்ஃபோர்டுக்குக் கிடைத்தது, அந்தக் கதை உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். 1971-இல் அந்தப் பரிசைப் பெற்ற கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க்கை அவ்வளவு பேருக்குத் தெரியாது.

1904-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். டார்ம்ஸ்டாட்டில் ஆசிரியராக இருந்தார். மனைவி லூயிஸும் இயற்பியலாளர், யூதர். நாஜி ஆட்சியில் அது போதும், வேலை போக. 1935-இல் இருவரும் கனடாவின் சஸ்கட்டூனுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அவர் துறை நிறமாலையியல். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில்தான் ஒளியை உறிஞ்சும், உமிழும். அந்த ஒளியைப் பிரித்துப் புகைப்படத் தகட்டில் பதித்தால் கோடுகள் விழும். கோடுகளின் இடைவெளியை அளந்து, அணுக்கள் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று கணக்கிடலாம்.

வால்மீன்களின் ஒளியில் 4050 ஆங்ஸ்ட்ராம் அருகே ஒரு பட்டை தெரிந்தது. எதனுடையது என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1942-இல் ஹெர்ஸ்பெர்க் மீத்தேன் வாயுவில் மின்சாரம் பாய்ச்சி அதே பட்டையைச் சோதனைச்சாலையிலேயே வரவழைத்தார். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்திலீனாக இருக்கும் என்றார். நியாயமான ஊகம்தான்.

பிறகு ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைப்போல் இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தார்கள். பட்டையில் ஹைட்ரஜனுக்குப் பங்கு இருந்தால் கோடுகள் நகர்ந்தே தீர வேண்டும். நகரவில்லை! 1951-இல், சாதாரணக் கார்பனுக்குப் பதிலாக எடை கூடிய கார்பன்-13 வைத்துச் செய்த சோதனை விஷயத்தை முடித்துவைத்தது: அது மூன்று கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. அதை நிறுவிய டக்ளஸ், அப்போது ஒட்டாவாவில் இருந்த ஹெர்ஸ்பெர்க்கின் சொந்தக் குழுவைச் சேர்ந்தவர். தலைவரின் ஊகத்தை உடைக்க அங்கே தடை இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஹெர்ஸ்பெர்க் மெத்திலீனை விடவில்லை. டயசோமீத்தேன் வாயுவை ஒளிவீச்சால் சிதைத்து, மெத்திலீன் மறைவதற்குள் அதன் நிறமாலையைப் படமெடுத்தார். 1959-இல், புற ஊதாப் பகுதியில் 1415 ஆங்ஸ்ட்ராம் அருகே, தேடியது அகப்பட்டது. இம்முறை டியூட்டீரியம் சேர்த்தபோது கோடுகள் நகர்ந்தன. இப்படிக் கணத்தில் மறையும் மூலக்கூறுத் துண்டுகளின் அமைப்பைக் கண்டறிந்ததற்காகவே நோபல் குழு அவரைச் சிறப்பாகக் குறிப்பிட்டது.

மெத்திலீன் நேர்கோட்டு வடிவம் என்றுதான் முதலில் கருதினார். வளைந்தது என்று 1970-இல் பிறர் காட்டியதும், தன் அளவீடுகளைத் திரும்ப ஆராய்ந்து அதை ஏற்றுக்கொண்டார்.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் இருக்கும். கிரேட்டிங் வைத்து அந்த மஞ்சள் கோட்டைப் பார். ஒன்றா, இரண்டா? அலைநீளத்தையும் அளந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்